தலைமடையும் கடைமடையும்: பட்டிப்பளை ஆற்றில் படிக்கக் கிடைத்த பொருளாதாரம்

மீளுருவாக்கப் பொருளாதாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போறன் என்று கூட்டாளி ஒருத்தனிட்ட சொன்னன். அவன் கேட்ட முதல் கேள்வி: "என்ன மச்சான், திரும்பவும் சேதனப் பசளைக் கதையா?"

கோபிக்க முடியவில்லை. எங்கட பக்கத்தில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 2021 மே மாதம், இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று வர்த்தமானி வந்தது. எதிர்ப்புத் தாங்க முடியாமல் நவம்பரில் அரசே தடையைத் தளர்த்தியது. ஆனால் அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2021/22 பெரும்போக விளைச்சல் நாடு முழுவதும் கடுமையாக விழுந்தது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நெல்லை நம்பி நிற்கிற ஊர்கள் எங்கட ஊர்கள். அந்த வருஷம் வயல் செய்தவர் வீட்டுக்குப் போய் "மண்ணை உயிர்ப்பிப்போம்" என்று பேசிப் பாருங்க, தேத்தண்ணி கூடக் கிடைக்காது.

அதனால் இந்தச் சொல்லைக் கேட்டதுமே நம்மில் பலருக்கு ஒரு முடிவு தயாராக இருக்கிறது: இதெல்லாம் பேசுறதுக்கு நல்லம், வயலுக்குச் சரிவராது. எனக்கு இந்த முடிவில் ஒரு சந்தேகம். 2021இல் தோற்றது எது? மண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமா, அதைக் கொண்டுவந்த விதமா? இதற்குப் பதில் தேடித் தூரம் போகத் தேவையில்லை. நாங்க குடிக்கிற தண்ணியும் தின்கிற சோறும் வருகிற ஒரே ஆற்றின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். அந்த ஆற்றின் தலையில் ஒரு கதை இருக்கிறது. முகத்துவாரத்தில் இன்னொரு கதை. நடுவில், வாய்க்கால்களில், நாங்க அதிகம் பேசாத மூன்றாவது கதை.

முதலில் சொல்லை விளங்கிக்கொள்வோம்

கையில் ஒரு வெட்டுக்காயம். மருந்து கட்டுகிறவர் புதுத் தோலை உண்டாக்குவதில்லை. அழுக்குப் போகாமல் பார்க்கிறார், இரத்த ஓட்டம் தடைப்படாமல் பார்க்கிறார். தோலை உடம்பே வளர்த்துக்கொள்கிறது. உயிருள்ள எதற்கும் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் சக்தி உண்டு. அந்தச் சக்தியைத் தின்று வாழ்வது ஒரு வகைப் பொருளாதாரம். இதுக்கு மேல கெட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வகை. 'நிலைபேறான அபிவிருத்தி' என்று பாடசாலையில் படித்தது பெரும்பாலும் இதைத்தான். ஒவ்வொரு போகம் முடியும்போதும் மண்ணும் நீரும் மனிதரும் முன்பைவிடத் தெம்பாக நிற்க வேண்டும் என்று கேட்பது மூன்றாவது வகை. மீளுருவாக்கம் என்பது இந்த மூன்றாவது.

தமிழருக்கு இது புதுச் சரக்கு இல்லை. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியோடு வேலை செய்த பொருளியலாளர். சிறையில் இருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த நூலில் 'நிலைத்த பொருளாதாரம்' என்ற கருத்தை வைத்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் நடாத மாந்தோப்பில் கொள்ளையடிக்கும் குரங்கு, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை என்று பொருளாதாரங்களைத் தரம் பிரித்தார். எழுபது வருஷம் கழித்து, 2015இல், ஜே.பி. மோர்கன் வங்கியில் உயர்பதவியில் இருந்து வெளியேறிய ஜோன் ஃபுல்லர்டன் என்ற அமெரிக்கர், உயிருள்ள அமைப்புகள் இயங்கும் முறையிலிருந்து பொருளாதாரத்துக்கு எட்டுக் கோட்பாடுகள் எழுதினார். எட்டையும் இங்கே அடுக்கப் போவதில்லை. மூன்றை மட்டும் என் சொல்லில் தருகிறேன்.

ஒன்று, ஓட்டம். நீர், சத்து, பணம், தகவல் எதுவாக இருந்தாலும் உடம்பு முழுக்க ஓட வேண்டும். தலையில் தேங்கிக் காலுக்குப் போகாத இரத்தம் நோய். இரண்டு, உறவு. ஒரு பகுதி மற்றப் பகுதியைக் கெடுத்து நெடுநாள் வாழ முடியாது. மூன்று, இடமும் பங்கும். அந்தந்த இடத்தின் மண்ணையும் பழக்கத்தையும் அறிந்தவர்கள் முடிவெடுப்பதில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவோம்.

பட்டிப்பளை

வரைபடத்தில் 'கல்லோயா' என்று இருக்கும். தமிழில் பட்டிப்பளை ஆறு. பதுளைக்குக் கிழக்கே மலைகளில் தொடங்கி, ஏறக்குறைய 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே 16 கிலோமீற்றரில் கடலில் விழுகிறது. நிந்தவூரிலிருந்து ஒலுவிலுக்குப் போகும்போது கடக்கிற களியோடைப் பாலத்தை நினைத்துப் பாருங்க. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போய் வந்தவர்கள் எத்தனை தரம் அதைக் கடந்திருப்பீர்கள்!

கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று என்ற பழைய பிரிவுகள் இந்த ஆறும் அதன் கிளைகளும் குளங்களும் கொடுத்த வண்டலில் நின்றவை. மாரியில் வெள்ளம், கோடையில் வறட்சி. 1850களில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. 1856இல் வந்த நீர்ப்பாசனச் சட்டம், வயல் தண்ணி பற்றிய ஊர் வழக்கங்களுக்குத் திரும்பவும் மதிப்புக் கொடுத்தது.

அந்த வழக்கத்தின் நடுவில் நின்றவர் வட்டைவிதானை. ஒரு வட்டைக்கு எப்போது தண்ணி திறப்பது, யார் எந்த அணைக்கட்டு வரம்பைத் திருத்துவது, யாருடைய மாடு யாருடைய பயிரில் போனது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இதில் கவனிக்க வேண்டியது அவருடைய கூலி. விளைச்சலில் ஒரு பங்கு நெல்லாக அவருக்குப் போகும். கடைமடை வயல் காய்ந்தால் அவர் பங்கும் காயும். ஆகவே கடைசி வரம்புக்குத் தண்ணி போனதா என்று பார்ப்பது அவருக்கு நல்ல குணம் மட்டும் இல்ல, வயிற்றுப் பிழைப்பும் கூட.

பழையதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. போடியார் வயலில் மாய்ந்து உழைத்த வயற்காரருக்கு அந்த அமைப்பில் கிடைத்தது கொஞ்சம். 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தேடியது, தேவைதான். அதே சட்டம் விதானைப் பதவியையும் எடுத்துவிட்டு செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. சட்டத்தில் பதவி போனது. வயலில் சொல் போகவில்லை. வட்டைவிதானை என்ற பேச்சு இன்றும் கேட்கிறது. ஒரு சொல் அறுபது வருஷத்துக்கு மேல் செத்துப் போகாமல் இருந்தால், அது செய்த வேலைக்கு இன்னும் தேவை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தலையில் ஒரு அணை

1948இல் சுதந்திரம். அடுத்த வருஷமே கல்லோயா அபிவிருத்திச் சபை. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்குத் திட்டம் முன்மாதிரி. அணை கட்டியது மொரிசன்-நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். இங்கினியாகலையில் ஆறு மறிக்கப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம் உருவானது. கொள்ளளவு ஏறக்குறைய 7,70,000 ஏக்கர் அடி.

நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாரி வெள்ளத்தின் வேகம் குறைந்தது, பல இடங்களில் சிறுபோகம் கைகூடியது, மின்சாரம் வந்தது, பல்லாயிரம் குடும்பங்களுக்குக் காணி கிடைத்தது. விலையும் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். வேடர் சமூகத்தின் வேட்டை நிலங்கள் நீரில் போயின. புதுக் குடியேற்றங்களில் மேல்பகுதி பெரும்பாலும் சிங்கள விவசாயிகளுக்கானது, தமிழ் பேசும் ஊர்கள் கீழ்ப்பகுதியில். 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டத்தின் சூட்டோடு, கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் கொல்லப்பட்டார்கள். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கப்பட்டது.

மீளுருவாக்கக் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அணை தண்ணியைச் சேமித்தது. அதோடு அதிகாரத்தையும் மேலே சேர்த்து வைத்தது. வட்டையில் இருந்த முடிவு அலுவலகத்துக்குப் போனது. தண்ணி எப்போது வரும் என்று கடைமடைக்காரருக்குத் தெரியாது. கடைமடை காய்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது அவர் பங்கைத் தொடாது. உடம்பின் ஒரு பக்கம் மரத்துப் போன மாதிரி.

முப்பது வருஷத்தில் அதன் பலன் வந்தது. 1980 அளவில் இடதுகரைப் பகுதி, நாட்டிலேயே சீர்கெட்ட நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்று என்று பெயர் எடுத்திருந்தது. துருசுக் கதவுகளில் பெரும்பாலானவை உடைந்தோ இயங்காமலோ கிடந்தன. வாய்க்கால்களில் மண்ணும் புல்லும். தலைமடைக்காரர் தேவைக்கு மேல் தண்ணி விட்டார், ஏனென்றால் நாளைக்கு வருமா என்ற நிச்சயம் அவருக்கும் இல்லை. கடைமடைக்காரர் இரவில் போய்க் கதவை உடைத்தார். எல்லோரிடமும் நியாயம் இருந்தது, வயலில் மட்டும் தண்ணி இல்லை.

1981: வேலையில்லாப் பட்டதாரிகள் வாய்க்காலுக்கு வந்தார்கள்

அமெரிக்க உதவியோடு இடதுகரையைத் திருத்தத் திட்டம் வந்தது. கொங்கிரீற்றும் கதவும் பொறியியலாளர் வேலை. மனிதர் பக்கத்தைப் பார்க்க, கொழும்பிலிருந்த கமத்தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் சேர்ந்தன. கோர்னலிலிருந்து வந்தவர் நோர்மன் அப்ஹோஃப்.

அவர்கள் செய்த முதல் வேலை, இளைஞர்களைத் தேடிப் பிடித்தது. வேலை கிடைக்காமல் இருந்த பட்டதாரிகள்! பயிற்சி கொடுத்து 1981 மார்ச்சில் விவசாயிகளின் ஊர்களுக்குள் குடியிருக்க அனுப்பினார்கள். சங்கம் அமை, தலைவரைத் தெரிவு செய், யாப்பு எழுது என்று அவர்கள் தொடங்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, யாருக்கும் யாருக்கும் என்ன மனத்தாங்கல் என்று கேட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலில் தண்ணி எடுக்கிற பத்து இருபது பேர் ஒன்றாக உட்கார்ந்தார்கள். முதலில் சிரமதானம், வாய்க்கால் துப்புரவு. பிறகு முறைத் தண்ணி. பெயரும் பதவியும் கடைசியில் வந்தன. பிரதிநிதியைக் கையுயர்த்தி வாக்கெடுத்துப் பிடிக்காமல், எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒருவராகப் பார்த்தார்கள்.

அந்தச் சிறுபோகத்தில் சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணிதான் இருந்தது. சண்டை வெடிக்க வேண்டிய வருஷம். நடந்தது வேறு. ஆறு வாரத்துக்குள், அந்த இளைஞர்கள் வேலை செய்த பகுதியில் 90 சதவீதமான விவசாயிகள் வாய்க்கால் வெட்டுவது, முறை வைத்து விடுவது, மிச்சம் பிடித்த தண்ணியைக் கீழே அனுப்புவது என்று ஏதோ ஒன்றில் சேர்ந்திருந்தார்கள். புதுக் கொங்கிரீற் இன்னும் வரவில்லை! அடுத்த வருஷங்களில் ஒரே அளவு தண்ணியிலிருந்து எடுத்த பலன் ஏறக்குறைய இரட்டிப்பானது.

அணையும் ஆறும் ஆட்களும் அப்படியே இருந்தன. அறுந்து கிடந்த ஒரு தொடர்பு மட்டும் திரும்ப ஒட்டியது. கடைமடையில் இருப்பவரின் முகம் தலைமடைக்காரருக்குத் தெரிந்தது. காயத்தில் இருந்த அழுக்கை எடுத்தார்கள். தோல் தானாக வளர்ந்தது.

குறையையும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டதாரிகளில் பலர் நிரந்தர வேலை கிடைத்ததும் போய்விட்டார்கள். அவர்கள் செய்த வேலைக்கு அரசாங்கத்தில் ஒரு நிரந்தரக் கதிரை இல்லை. ஆனாலும் விவசாயிகளின் குழுக்கள் நின்றன. 1988இல், விவசாயிகளையும் சேர்த்து நீர்ப்பாசனத்தை நடத்துவது நாட்டின் கொள்கையாகவே ஏற்கப்பட்டது.

1997: மேலே இருந்தவர்கள் எடுத்த முடிவு

உண்மையான சோதனை 16 வருஷம் கழித்து வந்தது. 1997 சிறுபோகம். சமுத்திரத்தில் தண்ணி குறைவு. நெல்லுக்குப் போதாது, நிலத்தில் 15 சதவீதத்தில் மட்டும் செய்கை பண்ணலாம் என்பது அதிகாரிகளின் கணக்கு. போர் உச்சத்தில் இருந்த காலம். மேல்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் தமிழ் பேசும் விவசாயிகள். 'எங்களுக்கே போதாது' என்று மேலே மறித்திருந்தால் சட்டமும் அவர்கள் பக்கம், இடமும் அவர்கள் பக்கம்.

விவசாயிகளின் அமைப்புகள் வேறு முடிவு எடுத்தன. இருக்கிற தண்ணியை எல்லோருக்கும் பகிர்வது, ஒரு சொட்டும் வீணாக்காமல் முறை வைப்பது. மொத்தம் 65,000 ஏக்கரும் விதைக்கப்பட்டது. விளைச்சல் வழமையைவிட நன்றாக இருந்தது. அப்ஹோஃபும் இலங்கை ஆய்வாளர் விஜயரத்னவும் 2000ஆம் ஆண்டில் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 'சமூக மூலதனம்' என்று பொருளியலில் சொல்கிற கண்ணுக்குத் தெரியாத செல்வத்தை, ஏக்கரிலும் நெல்லிலும் அளந்து காட்டிய அரிய உதாரணங்களில் அது ஒன்று. எங்கட ஊர்ப் பேச்சில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கு: பரக்கத். கொஞ்சத்தில் நிறைவு.

2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு எலினோர் ஒஸ்ட்ரொம்முக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். பொதுச் சொத்தை மக்கள் கட்டாயம் அழித்துவிடுவார்கள், அரசோ முதலாளியோ வந்து பிடித்தால்தான் தப்பும் என்ற நம்பிக்கையை உடைத்தவர். 1990இல் வந்த அவருடைய முக்கிய நூலில் கல்லோயாவும் ஒரு உதாரணம். உலகப் பல்கலைக்கழகங்களில் எங்கட ஆற்றைப் படிக்கிறார்கள். நாங்க படித்தோமா?

இந்தக் கதையில் இன்னொரு கிளை. வாய்க்காலில் மனிதரின் உறவைப் படித்த அதே அப்ஹோஃப், 1990களில் மடகஸ்கார் விவசாயிகளிடம் இருந்த ஒரு நெற்செய்கை முறையைக் கண்டு அதை உலகமெல்லாம் கொண்டுபோனார். இளம் நாற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு நடுவது; வயலை எப்போதும் மூழ்கடிக்காமல் வேருக்கும் மண்ணுயிருக்கும் மூச்சு விடுவது. தமிழ்நாட்டில் 'செம்மை நெல் சாகுபடி' என்று இதைச் சொல்வார்கள். வாய்க்காலில் கண்டதும் வேரில் கண்டதும் ஒரே பாடம்தான்: வெளியிலிருந்து கொட்டுவதற்கு முன், உள்ளே அடைபட்டிருப்பது எது என்று பார்.

முகத்துவாரத்தில் ஒரு சுவர்

இனி ஆற்றோடு கீழே இறங்கி ஒலுவிலுக்கு வருவோம்.

ஆறு கடலுக்குத் தண்ணியை மட்டும் கொண்டுபோவதில்லை, மணலையும் கொண்டுபோகிறது. அணை கட்டினால் மணலில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும். கரைக்கு வந்த மணலும் ஒரு இடத்தில் இருப்பதில்லை. அலை சாய்வாக அடிப்பதால், எங்கட கிழக்குக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு ஒலுவிலில் கிடக்கிற மணல் பிறகு ஒரு நாள் நிந்தவூர்க் கரை. கடற்கரை என்பது ஒரு நிலம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதுவும் ஒரு ஓட்டம், மணலால் ஆன ஆறு.

ஒலுவில் துறைமுகம், துறைமுக அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் கண்ட கனவு. எங்கட பிள்ளைகளுக்கு இங்கேயே தொழில் வேண்டும் என்ற அந்த ஆசையில் பிழை இல்லை. டென்மார்க் கடனுதவியில் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் திறந்தார்கள். கடலுக்குள் நீண்ட கல் அணைகள் மணலாற்றின் குறுக்கே நின்றன. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. வடக்குப் பக்கம் பட்டினி கிடந்தது. தனக்கு வரவேண்டிய மணல் வராததால் கடல் கரையைத் தின்றது. தென்னந்தோப்புகள் விழுந்தன, தோணி இழுக்கும் இடமும் கரைவலை இழுக்கும் இடமும் போயின. நகரும் மணல் துறைமுக வாயிலையே அடைத்தது. பல நாட் படகுகள் உள்ளே வர முடியாமல் தவித்தன. கல் போட்டுத் தடுத்த இடத்துக்கு அப்பால் அரிப்பு நகர்ந்து நிந்தவூர்ப் பக்கம் போனது. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட மக்களுக்குக் கரை என்பது என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இதில் மனசுக்குக் கஷ்டமான விஷயம், பிறகு நடந்தது. வாயிலைத் தோண்டித் தா என்று மீனவர்கள் ஒரு பக்கம். தோண்டினால் எங்கட கரை இன்னும் போகும் என்று காணி இழந்தவர்கள் மறுபக்கம். ஒரே கடல், ஒரே சமூகம், இரண்டு போராட்டம். 1980இல் தலைமடையும் கடைமடையும் நின்ற அதே நிலை, இந்த முறை மணலில். ஓட்டத்தை மறித்தால் அதன் இரண்டு பக்கத்தில் இருப்பவர்களும் எதிரிகளாகிவிடுகிறார்கள். அவர்களை ஒரே பாயில் உட்கார வைக்க, 1981இல் வந்த மாதிரி வீடு வீடாகப் போன ஆட்கள் இங்கே இருக்கவில்லை.

2021க்குத் திரும்புவோம்

இப்போது கூட்டாளியின் கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

2021 தடையை மீளுருவாக்கம் என்று சொல்வது, அறுவைச் சிகிச்சையை மருத்துவமனைக்கு வெளியே செய்துவிட்டு மருத்துவத்தைக் குறை சொல்வது மாதிரி. பல பத்தாண்டுகளாக யூரியாவுக்குப் பழக்கிய மண்ணில் உயிர்ச்சத்து திரும்ப வருஷங்கள் வேண்டும். அது ஒரே வர்த்தமானியில் வந்தது. எந்த வட்டையின் மண் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மூன்று கோட்பாட்டையும் எடுத்து வைத்துப் பாருங்க. ஓட்டத்தைத் திறக்கவில்லை, ஒரு குழாயை மூடினார்கள். உறவைக் கட்டவில்லை, இருந்த நம்பிக்கையையும் உடைத்தார்கள். இடத்தை அறிந்தவரிடம் கேட்கவில்லை, கொழும்பிலிருந்து சொன்னார்கள். 1981க்கு நேர் எதிர்.

அதனால் 'சேதனம் நல்லமா இரசாயனம் நல்லமா' என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. வேறு கேள்விகள் இருக்கு. அறுவடை இயந்திரம் போன பிறகு வைக்கோலை வயலிலேயே எரிக்கிறோம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தின் பெரும்பகுதி அந்த வைக்கோலில்தான் இருக்கு. கொளுத்தும்போது அதில் ஒரு பங்கு புகையோடும் மழையோடும் போகும், காபனும் நைதரசனும் அநேகமாக முழுசாகப் போகும். பிறகு கடன் வாங்கி பசளை வாங்குகிறோம். நெல்லை ஈரத்தோடயே களத்தில் கொடுத்துவிட்டு, அதே நெல்லைக் கடையில் பைக்கற் அரிசியாக வாங்குகிறோம். இடையில் இருந்த பணம் ஊரைச் சுற்றவில்லை, வெளியே ஓடியது. எங்கே ஓட்டம் அறுந்திருக்கு என்று பார்க்கப் பழகினால், இப்படி நூறு இடம் தெரியும்.

கல்முனைக்காரருக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கு. கரைவாகு வட்டையில் மண் போட்டு நிரப்பி வீடும் கடையும் எழும்புகின்றன. சாய்ந்தமருது தோணாவில் குப்பை. இடமில்லை என்பது உண்மை. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இத்தனை ஆயிரம் குடும்பங்கள். ஆனால் அந்தப் பள்ளமும் தோணாவும் சும்மா கிடந்த நிலமில்லை. மாரித் தண்ணி கடலுக்குப் போகிற வழி அது, போகுமட்டும் தங்கிற இடம் அது. 2024 நவம்பர் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாவடிப்பள்ளியில் வெள்ளம் கொண்டுபோன மத்ரஸாப் பிள்ளைகளை மறக்க முடியாது. அந்த வெள்ளத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்ல நான் வரவில்லை. தண்ணிக்கு வழி விடாத ஊரில் அடுத்த வெள்ளம் சின்னதாக இருக்காது என்று மட்டும் சொல்கிறேன். இதிலும் நாங்க ஒரே நேரத்தில் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும். மேலே எனக்குத் தண்ணி விடவில்லை என்று முறைப்பாடு சொல்கிற நாங்களே, கடலுக்குப் போகிற தண்ணியை மறிக்கிறோம்.

1981இல் அந்த இளைஞர்கள் கையில் அதிகாரமும் இருக்கவில்லை, பெரிய பணமும் இருக்கவில்லை. கேட்கிற காதும் நடக்கிற காலும் இருந்தன. எங்கட ஊர்களில் இன்றைக்கும் பட்டதாரிகள் வேலைக்காகக் காத்திருக்கிறோம். காத்திருக்கிற காலத்தில் ஒன்று செய்யலாம். அடுத்த போகத்துக்கு முன்னால் நடக்கிற பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்க. வாப்பாவோ மூத்தாப்பாவோ செய்த வயல் எந்த வட்டை, அதற்கு எந்த வாய்க்காலில் தண்ணி வருது, அந்த வாய்க்காலின் தலையில் யார், கடைசியில் யார் என்று கேட்டு எழுதுங்க. பிறகு ஒரு நாள் அந்த வாய்க்கால் ஓரமாகவே மேலே நடந்து போங்க. தலைமடையில் இருப்பவர் அநேகமாக வேறு மொழி பேசுவார். தேத்தண்ணி குடித்துவிட்டு வாங்க.